ஒன்றாம் நம்பர் களத்தில் நாலடி இடம்

மொக்கம்மாள் வாயில் எதுவும் நிற்காது என்று வீரபாண்டியில் பேர். காலையில் காதில் விழுந்ததை மத்தியானத்துக்குள் நாலு வீட்டில் சொல்லி முடிக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஒன்பது வருஷம் மூச்சு விடாமல் வைத்திருந்தாள். கட்டிய புருஷன் சுருளிவேலிடம்கூடச் சொல்லவில்லை. அவர் பேர் கெட்டதே அந்த விஷயத்தால்தான்.

எல்லாம் ஒரு நெற்களத்தில் தொடங்கியது. 1962, மாசிக் கடைசி. முல்லையாற்றுப் பாசனத்தில் இரண்டாம் போகம் அறுப்பு. களத்தில் பெண்கள் நெல் தூற்றிக்கொண்டிருந்தபோது சாலையில் ஒரு ஜீப் நின்றது. வெள்ளைக் கால்சட்டை போட்ட ஒருவர் இறங்கி நேராகக் களத்துக்கு வந்தார். நெல் இல்லாத மூலையாகப் பார்த்து நின்று, பையிலிருந்து ஒரு பந்தை எடுத்துக் கீழே போட்டார். பந்து இடுப்பு உயரம் எழும்பி, விழுந்த இடத்திலேயே திரும்ப விழுந்தது. நாலைந்து இடத்தில் போட்டுப் பார்த்தார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"இந்தக் களத்தைப் போட்டது யாரு?" என்று அவர் கேட்டார்.

"நாந்தேன். ஏன், நெல்லுல கல்லு இருக்கா?" என்றாள் மொக்கம்மாள்.

வந்தவர் ஜேசுராஜ். போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரம், தேனியில் குடோன். மெட்ராஸில் காலேஜ் படிக்கும்போது டென்னிஸ் பைத்தியம் பிடித்தது. ஊருக்குத் திரும்பிக் கல்யாணம் ஆன பிறகும் தெளியவில்லை. நாலைந்து தோட்ட முதலாளிகளைச் சேர்த்துக்கொண்டு வீரபாண்டிக்கு வடக்கே ஆற்றுக்கு மேட்டில் ஒரு கிளப் கட்டியிருந்தார். கட்டடம் எழும்பிவிட்டது, ஆடுவதற்குத் தரைதான் வாய்க்கவில்லை. செம்மண் போட்டார்கள், வெயிலில் வெடித்தது. மணல் கலந்தார்கள், பந்து செத்த எலி மாதிரி விழுந்த இடத்திலேயே கிடந்தது. மூன்று மாதமாக மண்ணோடு மல்லுக்கட்டி அலுத்துப்போயிருந்த மனுஷனுக்கு அந்த நெற்களத்தைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வராத குறை.

மொக்கம்மாள் போடுகிற களத்துக்கு அந்தப் பக்கத்தில் பேர் இருந்தது. கண்மாய் வண்டலும் புற்றுமண்ணும் பாதிக்குப் பாதி, கொஞ்சம் உமி. நாலு நாள் ஊறப்போட்டு, மிதித்துப் பரப்பி, திம்சுக்கட்டையால் இடித்து இறுக்கி, கடைசியில் சாணி மெழுகுவாள். அவள் இடதுகைக்காரி. மற்றவர்கள் மெழுகினால் வளையம் வளையமாக விழும் கைத்தடம் ஒரு பக்கம் திரும்பும். அவளுடையது மறுபக்கம் திரும்பும். "மொக்கம்மா களத்துல நெல்லுகூட நொட்டாங்கைப் பக்கந்தேன் உருளும்" என்று கேலி செய்வார்கள்.

அடுத்த மாதமே அவளும் சுருளிவேலும் கிளப்பில் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஆறு மாதத்தில் மூன்று ஆடுகளங்கள் தயாராயின. சுருளிவேலுக்கு மார்க்கர் வேலை. தரைக்குத் தண்ணீர் தெளிப்பது, ரோலர் இழுக்க ஆள் வைத்து வேலை வாங்குவது, சுண்ணாம்புக் கோடு போடுவது, வலையை இறுக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. ஜேசுராஜும் மற்றவர்களும் கோர்ட்டு என்று சொன்னதை மொக்கம்மாள் கடைசிவரை களம் என்றுதான் சொன்னாள். ஒண்ணாம் நம்பர் களம், ரெண்டாம் நம்பர் களம், மூணாம் நம்பர் களம்.

1963 தை மாதம் முதல் போட்டி. வாசலில் பெரிய பலகை: 'கம்பம் பள்ளத்தாக்கு சர்வதேச களிமண் தரை டென்னிஸ் போட்டி'. சர்வதேசம் என்றால் இத்தனை தேசம் வேண்டும் என்று சட்டம் ஒன்றும் கிடையாது போலிருக்கிறது. சிலோனிலிருந்து இரண்டு பேர், மலேயாவிலிருந்து ஒருவர், கல்கத்தாவில் ஆடிவிட்டு மெட்ராஸ் வந்த இடத்தில் ஜேசுராஜ் கையைப் பிடித்து இழுத்து வந்த ஆஸ்திரேலியர் ஒருவர். மதுரையிலிருந்து போடி போகிற ரயிலில் வந்து தேனியில் இறங்கினார்கள். ஊர் முழுக்கப் பார்க்கப் போனது. கூடலூரிலிருந்து ஜீப் பிடித்து வந்தார்கள். யார் அடித்தாலும் கை தட்டினார்கள், வலையில் பந்து மாட்டினால் இன்னும் பலமாகத் தட்டினார்கள். ஊரில் அதற்குச் சீமைப் பந்து என்று பேர் வைத்தார்கள்.

வருஷா வருஷம் கூட்டம் கூடியது. பேர் தெரியாத நாட்டிலிருந்தெல்லாம் ஆட்டக்காரர்கள் வந்தார்கள். களிமண் தரையில் ஆடிப் பழகிய சீமைக்காரர்கள் பந்தைத் துரத்தி ஓடும்போது கடைசி இரண்டடியைச் சறுக்கிக்கொண்டே போய் அடிப்பார்கள். சுருளிவேல் அதை ஆவென்று பார்ப்பார். "அவுக சறுக்குறது நம்ம களத்துல. அந்த அளவுக்குத் தரை அவுகளுக்கு விட்டுக் குடுக்கணும். அதேன் கணக்கு" என்று வீட்டில் வந்து சொல்வார். அந்த மனிதர் வாழ்க்கையில் பெருமைப்பட்டுப் பேசிய ஒரே விஷயம் அதுதான்.

1970-இல் ஒரு வெள்ளைக்கார நடுவர் வந்தார். குனிந்து தரையை மோந்து பார்த்தார். என்ன போட்டு மெழுகுகிறார்கள் என்று கேட்டார். சொன்னதும் காலைத் தூக்கிக்கொண்டு ஓரத்துக்குப் போய் நின்றுகொண்டார். அன்றோடு சாணி நின்றது. மேலே செங்கல் தூள்தான் தூவ வேண்டும், இனிமேல் பெண்கள் தரைக்குள் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு. ஜேசுராஜ்தான் வந்து சொன்னார், பாவம், அவளைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

"சாணியில்லாம என்ன களம் முதலாளி? அதுக்குப் பேரு தெரு" என்றாள் மொக்கம்மாள்.

அவளைக் கொட்டகைக்குப் பின்னால் செங்கல் இடிக்க உட்கார வைத்தார்கள். எட்டு வருஷம் இடித்தாள். தான் போட்ட களத்தில் தான் மிதிக்கக் கூடாது என்கிற ஆத்திரம் அந்த எட்டு வருஷமும் அவளுக்குள் இருந்தது. அவள் அதை மறைக்கவில்லை, ஊர் முழுக்கச் சொன்னாள். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள்.

1978 தை. பதினாறாவது போட்டி. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம்; பரிசு கொடுக்க மதுரையிலிருந்து கலெக்டர் வருவதாக ஏற்பாடு. சனிக்கிழமை மத்தியானம் ஜேசுராஜ் சுருளிவேலைக் கூப்பிட்டார்.

"சுருளி, இந்த வருஷம் தரை நல்லா இருந்தாத்தான் டென்னிஸ் சங்கத்துக்காரங்க அடுத்த வருஷம் நம்ம போட்டியைப் பெரிய பட்டியல்ல சேப்பாங்க. ஒண்ணாம் நம்பரை இன்னைக்கு ரெண்டு தடவை ரோலர் ஓட்டிரு."

ரோலர் என்றால் பெரிய கல் உருளை. இழுக்க நாலு பேர் வேண்டும். மூன்று பேர்தான் இருந்தார்கள். நாலாவது ஆள் கருத்தக்கண்ணன் மூன்று நாளாக வேலைக்கு வரவில்லை, நெஞ்சில் சளி கட்டி இருமிக்கொண்டு கிடந்தான். சுருளிவேல் அவன் வீட்டுக்கே போனார். கருத்தக்கண்ணன் அவருக்குப் பங்காளி முறையில் தம்பி. "இன்னைக்கு ஒரு நாளுடா. பட்டியல்ல ஏறிட்டா அடுத்த வருஷம் நாலு களம் போடுவாக, நமக்குத்தேன் வேலை" என்று கூட்டிக்கொண்டு வந்தார்.

பொழுது சாய்கிற நேரத்தில், இரண்டாவது சுற்றில், ஒன்றாம் நம்பர் களத்தின் வடகோடிக் கோட்டருகே கருத்தக்கண்ணன் கயிற்றை விட்டுவிட்டுக் குத்தவைத்தான். இருமினான். வாயிலிருந்து ரத்தம் கொட்டியது. தூக்கி வண்டியில் போடுவதற்குள் உயிர் போய்விட்டது. செங்கல் இடித்துக்கொண்டிருந்த மொக்கம்மாள் களத்து ஓரம்வரை ஓடி வந்தபோது அவன் தலை சுருளிவேல் மடியில் இருந்தது.

ஜேசுராஜ் வெலவெலத்துப் போய்விட்டார். சீமை ஆட்டக்காரர்கள் அப்போது பண்ணைப்புரம் பக்கம் மலை பார்க்கப் போயிருந்தார்கள். அவர்கள் திரும்புவதற்குள் உடலைப் பின்வாசல் வழியாக வீட்டுக்குக் கொண்டு போகச் சொன்னார். "வீட்டுல வச்சு இறந்ததா இருக்கட்டும். இங்கன நடந்ததுன்னு ஒரு வார்த்தை வெளியில போகக் கூடாது" என்றார். கருத்தக்கண்ணன் பெண்டாட்டி சங்கிலியம்மாளுக்குத் தேனி குடோனில் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை தருவதாகச் சொன்னார், அவள் உழைக்கிறவரை நிரந்தரம். ஆனால் அவன் எங்கே செத்தான் என்ற பேச்சு வந்தால் வேலை போய்விடும். இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு சங்கிலியம்மாள் என்ன சொல்வாள்? தலையை ஆட்டினாள். சுருளிவேல் ரத்தம் பட்ட மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, புது மண் வைத்து இடித்து, மேலே செங்கல் தூள் தூவினார். ஒரு மனுஷன் செத்த அடையாளம் அரை மணி நேரத்தில் இல்லாமல் போனது.

ஞாயிறு விடியற்காலை, இழவு வீட்டில் சங்கிலியம்மாள் மொக்கம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அவுக உசுரு போன எடத்தை மொழுகாம விட்டுட்டாகளே. ஒரு வெளக்குக்கூட வைக்கலையே. இன்னைக்குச் செருப்புக் காலோட அது மேல ஓடுவாகளே அக்கா."

உயிர் போன இடத்தைச் சாணி போட்டு மெழுகி விளக்கு வைக்காமல் விடுவது எவ்வளவு பெரிய குறை என்பது அந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மொக்கம்மாள் எழுந்தாள். ஒரு சட்டியில் சாணியும் மடியில் அகல் விளக்கும் எடுத்துக்கொண்டு, செங்கல் கொட்டகை வழியாகக் கிளப்புக்குள் நுழைந்தாள். எட்டு வருஷம் கழித்து ஒன்றாம் நம்பர் களத்தில் கால் வைத்தாள். தூளை ஒதுக்கி நாலடிக்கு நாலடி மெழுகினாள். விளக்கை ஏற்றி வைத்துத் திரி எரிந்து முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். கருத்தக்கண்ணன் அவளுக்குக் கொழுந்தன் முறை. அவள் வாயைக் கேலி செய்யாமல் ஒரு நாள்கூட அவளைத் தாண்டிப் போனதில்லை.

மெழுகிய களம் ஒரு நாளாவது வெயிலில் காய வேண்டும். அதற்கு முன்னால் அதன் மேல் நெல்லைக்கூடக் கொட்டக் கூடாது. இது அவளை விட யாருக்குத் தெரியும்? ஆனாலும் பச்சை வெளியில் தெரிந்தால் ஜேசுராஜ் பேர்த்து எடுக்கச் சொல்வாரே என்று பயந்து, ஒதுக்கிய செங்கல் தூளை அதன் மேலேயே பரப்பி மூடிவிட்டாள். மூடும்போது 'மிதிங்கடா, என் சாணியை நல்லா மிதிங்க' என்று ஒரு நினைப்பு மின்னி மறைந்தது. ஒரு நொடிதான். அந்த ஒரு நொடிதான் பிற்பாடு ஒன்பது வருஷம் அவளைப் போட்டு வாட்டியது.

காலை பத்து மணி வெயிலில் சாணி மேலே பொருக்குக் கட்டி வழுவழுப்பாகிவிட்டது, அடியில் ஈரம். அதன் மேல் தூள். ஐரோப்பாவிலிருந்து வந்த உயரமான ஆட்டக்காரர் ஒருவர், இரண்டடி சறுக்கலாம் என்று நினைத்து ஓடி வந்தவர், ஆறடி சறுக்கினார். ஒரு கால் மடங்கி அடியில் மாட்டிக்கொண்டது. முழங்கால் முறிந்த சத்தம் கலெக்டர் உட்கார்ந்திருந்த இடம்வரை கேட்டதாகச் சொன்னார்கள்.

மொக்கம்மாள் அப்போது சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்புவதற்காக இழவு வீட்டில் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தாள். சாயங்காலம்தான் செய்தி வந்தது. ஆட்டக்காரரை ஜீப்பில் மதுரைக்குக் கொண்டு போய்விட்டார்கள். கலெக்டர் பரிசு கொடுக்காமலே கிளம்பிவிட்டார். தூளுக்கடியில் ஈரம் தெரிந்ததால், முந்தின நாள் அடைத்த மண்தான் இளகிவிட்டது என்று நினைத்து, அத்தனை பேர் முன்னாலும் ஜேசுராஜ் சுருளிவேலை வாயில் வந்தபடி ஏசினார். பள்ளத்தை ஒழுங்காக அடைக்கத் தெரியாத நீ என்ன மார்க்கர் என்று கேட்டு அங்கேயே வேலையை விட்டு நிறுத்தினார். சுருளிவேல் ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. பேசாததையே குற்றத்தை ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள்.

மறு வருஷம் போட்டி இல்லை. அதற்கு மறு வருஷமும் இல்லை. பலகையைக் கழற்றி யாரோ மாட்டுக் கொட்டகைக்குத் தடுப்பாக வைத்தார்கள். சுருளிவேல் குடித்துவிட்டு வேலை பார்த்ததால்தான் சீமைப் பந்தே போயிற்று என்று டீக்கடையில் பேசினார்கள். தம்பி செத்த துக்கத்தில் அவர் அன்றைக்குச் சாயங்காலம் குடித்தது உண்மை. சாயங்காலத்தைக் காலை ஆக்குவதற்கு ஊருக்கு எவ்வளவு நேரமாகும்? "வாய்யா சீமை மார்க்கரு, கண்ணாடி கிளாசைப் பாத்து வையி, சறுக்கிறப் போகுது" என்று டீக்கடையில் ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அதோடு அவர் கடைத்தெருவுக்குப் போவதை விட்டார். ஒரு தென்னந்தோப்பில் தண்ணீர் பாய்ச்சப் போனார். விடியுமுன் போவார், பொழுது இறங்கி வருவார். வீட்டில் டென்னிஸ் பேச்சே எடுக்க மாட்டார்.

தான் வைத்த மண்தான் சரியில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் மொக்கம்மாள் நம்பினாள். ஒரு வார்த்தை சொன்னால் அவர் பாரம் இறங்கும். ஆனால் எப்படிச் சொல்வது? மெழுகினேன் என்றால் ஏன் மெழுகினாய் என்று கேள்வி வரும். ஏன் என்று சொன்னால் கருத்தக்கண்ணன் எங்கே செத்தான் என்பது ஊருக்குத் தெரியும், சங்கிலியம்மாள் வேலை போய்விடும். புருஷனிடம் மட்டும் சொல்லலாம். சொன்னால் அவர் நேராக ஜேசுராஜிடம் போய்விடுவாரோ என்று பயம். அதை விடப் பெரிய பயம் இன்னொன்று: 'உசுரு போன எடம்னு மொழுகுனியா, இல்ல உன் ஆத்திரத்துக்கு மொழுகுனியா?' என்று அவர் கேட்டால் என்ன பதில் சொல்வது? அவளுக்கே தெரியவில்லை. சித்திரைத் திருவிழாவுக்குக் கௌமாரியம்மன் கோயிலில் நட்ட கம்பத்துக்கு ஆற்றுத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் ஒரே வேண்டுதல்தான் வைத்தாள்: ஆத்தா, இதைச் சொல்ற வேளையை எனக்குக் காட்டு.

1987-இல் அந்த வேளை வந்தது. சங்கிலியம்மாளின் இரண்டாவது மகளுக்குக் கல்யாணமாகி, மாப்பிள்ளை ஊரான கூடலூருக்கே சங்கிலியம்மாளும் குடிபோனாள். குடோன் வேலையை விட்டாயிற்று. பஸ் ஏறும்போது, "இனிமே எனக்கு யாருகிட்டயும் பயமில்லக்கா" என்றாள்.

மறுநாள் காலை மொக்கம்மாள் போடிக்கு பஸ் ஏறினாள். புருஷனிடம் சொல்வதற்கு முன்னால் ஜேசுராஜைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு எண்ணம். அவர் வாயால் ஏசினார். அவர் வாயாலேயே 'சுருளிவேல் மேல் தப்பில்லை' என்று ஊரில் சொல்ல வைக்க வேண்டும். அந்த வார்த்தையோடு வீட்டுக்குப் போக வேண்டும்.

ஜேசுராஜுக்குச் சர்க்கரை நோயில் கண் மங்கியிருந்தது. கடைக்குப் பின்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குரலை வைத்துத்தான் அவளைத் தெரிந்துகொண்டார். மொக்கம்மாள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சாணி, விளக்கு, தூள், அந்த ஒரு நொடி நினைப்பு உட்பட ஒன்றையும் விடவில்லை.

"தப்பு என் மேலதேன் முதலாளி. என்னை என்ன வேணும்னாலும் பண்ணுங்க. எங்க வீட்டுக்காரரு மேல தப்பில்லைன்னு நாலு பேருக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க போட்டி நின்னது என்னாலதேன்."

ஜேசுராஜ் சுவரோரம் இருந்த டிரங்குப் பெட்டியைக் கையால் காட்டினார். திறக்கச் சொன்னார். பழைய போட்டோக்களுக்கு அடியில் இருந்த ஒரு காகித உறையை எடுக்கச் சொன்னார்.

"இதை நான் படிச்சுக் காட்ட முடியாது, கண்ணு இல்ல. ஆனா எனக்கு மனப்பாடம். டென்னிஸ் சங்கத்துலருந்து வந்த லெட்டர். பெரிய பட்டியல்ல சேக்குறது இருக்கட்டும், அடுத்த வருஷத்துலருந்து நம்ம போட்டியை இருந்த பட்டியல்லருந்தே எடுத்துட்டோம்னு எழுதியிருக்கான். ஊரு தூரம், ஏரோபிளேன் கிடையாது, ஆட்டக்காரங்க வரமாட்டேங்கிறாங்கன்னு. இது வந்தது மார்கழியில. அந்தாளு விழுந்தது தையில."

மொக்கம்மாளுக்கு முதலில் புரியவில்லை.

"அப்ப... முன்னாடியே நின்னு போச்சா?"

"நின்னு போச்சு. நான் யாருகிட்டயும் சொல்லல. கடைசி ஒண்ணையாவது கலெக்டரை வச்சு ஜாம்ஜாம்னு முடிக்கணும்னு நெனச்சேன். அந்தாளு விழுந்ததும் எல்லாரும் அதாலதான் போச்சுன்னு பேச ஆரம்பிச்சாங்க. நானும் பேச விட்டுட்டேன்."

"ஏன் முதலாளி?"

"நம்ம போட்டி எவனுக்கும் வேண்டாம்னு தூக்கிப் போட்டுட்டான்னு இந்த பஜாருல எப்படிச் சொல்லுவேன்? ஒரு வேலைக்காரன் கெடுத்துட்டான்னு சொல்றது லேசா இருந்துச்சு மொக்கம்மா."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "லேசாத்தேன் இருந்திருக்கும். சுமந்தது நீங்க இல்லையே" என்றாள்.

ஜேசுராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சொல்றேன். யாருகிட்ட சொல்லணும் சொல்லு, வந்து சொல்றேன். ஆனா இப்ப யாருக்கு அது ஞாபகம் இருக்கு?" என்று கேட்டார். அது உண்மையும்கூட. சீமைப் பந்து பார்த்தவர்களில் பாதிப் பேர் இப்போது ஊரில் இல்லை. மீதிப் பேருக்கு அந்தப் பேச்சே மறந்து போயிற்று. மறக்காதவர் வீரபாண்டியில் ஒரே ஒருவர்தான். மொக்கம்மாள் உறையைப் பெட்டியிலேயே போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

பஸ்ஸில் வரும்போது கோபம் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தோஷமாக மாறியது. போட்டி தன்னால் நிற்கவில்லை. புருஷனாலும் நிற்கவில்லை. இதைச் சொன்னால் அந்த மனிதர் நிமிர்ந்து நடப்பார், நாளைக்கே கடைத்தெருவுக்குப் போய் டீ குடிப்பார். பஸ் ஊர்வதாக அவளுக்கு எரிச்சல் வந்தது.

சுருளிவேல் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து மண்வெட்டிக்குப் புதுக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தார். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மாமா, அன்னைக்கு ஒண்ணாம் நம்பர் களத்துல சாணி மொழுகுனது நாந்தேன்."

அவர் தலை நிமிரவில்லை. "தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"காலையில கோடு போடப் போனேன்ல. வாசம் வந்துச்சு. தூளைத் தள்ளிப் பாத்தேன். நொட்டாங்கைத் தடம் இந்த ஊருல வேற யாருக்கு இருக்கு?" காம்பைத் திருப்பிப் பார்த்தார். "பேத்து எடுத்துருக்கலாம். நேரம் இருந்துச்சு. ஓரத்துல அகலு வச்ச கரி இருந்துச்சு. அவனுக்கு வச்ச வெளக்கு. அதைச் சுரண்ட எனக்குக் கை வரல. மறுபடி தூளைத் தள்ளி மூடிட்டேன். அதேன் அவுக ஏசுனப்ப நான் வாயைத் தொறக்கல."

மொக்கம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது வருஷமாக ஒரே வீட்டில், ஒரே பானையில் சாப்பிட்டுக்கொண்டு, இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் ஒளித்து வைத்திருக்கிறார்கள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இவ்வளவுதானா, இதற்கா இந்தப் பாடு என்று இருந்தது. மீதியையும் கொட்டிவிட்டாள்.

"நம்மளால ஒண்ணும் நிக்கல மாமா. போட்டி அதுக்கு முன்னாடியே நின்னு போச்சாம். மார்கழியிலேயே லெட்டர் வந்துருச்சாம். முதலாளியே சொன்னாரு. நீங்க தலையைக் குனியவே வேண்டியதில்ல."

சுருளிவேலின் கை நின்றது. இப்போதுதான் அவர் அவளைப் பார்த்தார்.

"மார்கழியிலேயேவா?"

"ஆமா."

"அப்ப அன்னைக்குச் சனிக்கிழமை அவருக்குத் தெரியுமா?"

"தெரியுமாம்."

"பட்டியலே இல்லையா?"

மொக்கம்மாள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அவரை இத்தனை வருஷம் குனிய வைத்தது சாணியும் இல்லை, சறுக்கி விழுந்த வெள்ளைக்காரரும் இல்லை, டீக்கடைப் பேச்சும் இல்லை. அது அவளுக்கு அந்த நொடியில்தான் உறைத்தது.

"எந்திரிக்க முடியலண்ணேன்னுதேன் சொன்னான் கருத்தக்கண்ணன்" என்றார் சுருளிவேல். "பட்டியல்ல ஏறணும்டா, இன்னைக்கு ஒரு நாளுதேன்னு சொல்லி நாந்தேன் கையைப் பிடிச்சுத் தூக்கிட்டுப் போனேன். ஒரு காரியத்துக்காகத்தேன் போனான்னு எனக்குள்ள சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். என்னத்துக்குடி கூட்டிட்டுப் போனேன் அவனை? என்னத்துக்கு?"

அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் அழுது பார்த்ததில்லை. தம்பி மடியில் செத்தபோதுகூட அவர் அழவில்லை. இப்போது மண்வெட்டிக் காம்பை மடியில் போட்டுக்கொண்டு, வாயைத் திறந்து, சத்தம் போட்டு அழுதார். பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்து என்னவென்று கேட்டார்கள். மொக்கம்மாள் ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினாள். சொல்ல வேண்டியதை ஒன்பது வருஷம் வைத்திருந்தவள், சொல்லக் கூடாததை ஒரு நிமிஷம் வைத்திருக்க முடியாமல் போனோமே என்று தன்னையே நொந்துகொண்டாள். எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் மடியில் கிடந்த காம்பை எடுத்து ஓரமாக வைத்தாள்.